புதுப்பித்த கணினியிற் பழைய தமிழ்

2025 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வகுப்பு முடிந்து பிள்ளைகள் தத்தம் குளிரங்கிகளைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், எமது மாணவி ஒருத்தியின் தந்தையார் தாள் ஒன்றை எம்மிடம் நீட்டினார். தாள் முழுவதும் ஆங்கில எழுத்துகள். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லும் அதில் இல்லை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து, இடையிடையே அரைப்புள்ளிகள் தூவிக் கிடந்தன.

"சேர், வைரஸ் பிடிச்சிட்டுது. அப்பா எழுதினது முழுக்கப் போட்டுது" என்றார்.

அவருடைய தந்தையார், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியவர்களுள் ஒருவர். பின்னர் இலண்டன் வந்து, ஹரோவில் மகனுடன் வாழ்ந்தார். 1998 இல் தம் ஊரைப் பற்றிக் கணினியில் எழுதத் தொடங்கினார். எந்தக் கிணற்றில் நன்னீர், எந்தக் காணிக்கு என்ன பெயர், எவர் எவருக்கு எவ்வழியில் உறவு, கோயில் திருவிழாவில் எக்குடும்பத்துக்கு எந்நாள் உபயம் என்று 64 பக்கங்கள். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டியதை மகன் பார்த்திருக்கிறார். எழுதியவர் இன்று இல்லை. அக்கோப்பு மட்டும் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு மாறி மாறி வந்து சேர்ந்திருந்தது.

விண்டோஸ் 10 க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தமையை வாசகர் அறிவர். அதனால் அவர் தமது ஏழு வருடக் கணினியைக் கடை ஒன்றிற் கொடுத்து, புதிய வட்டொன்று பூட்டி, விண்டோஸ் 11 ஐப் புதிதாக நிறுவுவித்தார். பழைய கோப்புகளைக் கடைக்காரர் ஒழுங்காகவே மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தந்தையாரின் கோப்பைத் திறந்தபோதுதான் இந்தக் கோலம். கடையில் மீண்டும் கேட்டபோது, "கோப்புச் சிதைந்துவிட்டது, அழித்துவிடலாம்" என்றார்களாம்.

நாம் தாளின் முதல் வரியைப் பார்த்தோம். ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. உடனே வாய்விட்டு வாசித்தோம்: "தமிழ்". எமக்கு அது பழகிய முகம். ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில் வினாத்தாள்களை நாம் தட்டச்சிட்டது இந்த எழுத்துருவில்தான். அதன் பெயர் பாமினி. கோப்புச் சிதையவில்லை. அதனைத் தமிழாகக் காட்டும் எழுத்துருதான் புதிய வட்டில் இல்லை.

இதனைப் பிள்ளைகள் விளங்கிக்கொள்வது நன்று. கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை, எண்ணாகவே சேமிக்கிறது. பாமினிக் கோப்பில் 'தமிழ்' என்னும் சொல் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்களாகக் கிடக்கிறது. இவை உலகெங்கும் ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகியவற்றுக்கு வழங்கும் எண்கள். பாமினி எழுத்துரு செய்வதெல்லாம் ஒரு வேடமே. 106 வந்தால் 'ஜே' வடிவத்தை வரையாமல் 'த' வடிவத்தை வரையும். 59 வந்தால் அரைப்புள்ளியை விடுத்து மெய்யின் குற்றை வைக்கும். வேடம் கலைந்தால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும். அவ்வளவுதான் நடந்தது. ஐயமுள்ள மாணவர் வீட்டிற் செய்து பார்க்கலாம்: பெரிய 'கே', பெரிய 'யூ', சிறிய 'எஃப்', சிறிய 'டீ', அரைப்புள்ளி என்று தட்டி, அதற்குப் பாமினியை அணிவித்தால் திரையில் முருகன் தோன்றுவார்.

விசைகளின் இந்த ஒழுங்கு பெரும்பாலும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா அவர்களை அப்பொறியின் தந்தையென எம்மவர் போற்றுவர். பொறியிற் பழகிய விரல்கள் மாறவேண்டியதில்லை என்பதனாலேயே பாமினி ஈழத்தவரிடையே வேரூன்றியது. தமிழகத்திலோ ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க இயலாத நிலை. 1999 பெப்ரவரியிற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியாக டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் தமிழ்நாட்டில் தரமாக்கப்பட்டன. இணையத் தமிழர் பலர் டிஸ்கி என்னும் குறியேற்றத்தைப் பின்பற்றினர். ஆகவே உங்கள் வீட்டுப் பழைய கோப்பு பாமினியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. திரையில் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மிகுந்திருந்தால் பாமினி வகை என்று ஊகிக்கலாம். தலையிலே கோடும் புள்ளியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள் மிகுந்திருந்தால் அது டிஸ்கி, டாம், டாப் போன்றவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும்.

ஊகம் எதற்கு, கணினியே விடை சொல்லும். வேர்ட் செயலியிற் கோப்பைத் திறந்து, புரியாத எழுத்துகளின் நடுவே சுட்டியை வைத்து, மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிடினும், எழுதியவர் பயன்படுத்திய பெயர் அப்பெட்டியில் நிற்கும். மாணவியின் வீட்டில் நாம் முதலிற் பார்த்தது அதைத்தான். பாமினி என்றே இருந்தது. தகப்பனார் அப்பெயரைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

வேறு நோய்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்வோம். எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுச் சதுரங்கள் வரிசையாகத் தோன்றினால், கோப்புப் பெரும்பாலும் ஒருங்குறியில் உள்ளது; அதைக் காட்டவல்ல தமிழ் எழுத்துருதான் இல்லை. கொம்பு எழுத்தின் முன்னால் நிற்காமற் பின்னால் நின்று, அருகே புள்ளிகளாலான வட்டமொன்று தெரிந்தால், அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோய். அக்கணினிகளிற் சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகளை நாமே மூலவட்டிலிருந்து சேர்க்கவேண்டியிருந்தது. 'இக்கோப்பைத் திறக்க அனுமதியில்லை' என்று வேர்ட் மறுத்தால், அது வேர்ட் 6 அல்லது வேர்ட் 95 காலத்துக் கோப்பாக இருக்கலாம். புதிய வேர்ட், பாதுகாப்புக் கருதி அவற்றுக்குத் தடை விதித்துள்ளது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒஃபிஸ் அவற்றைப் பெரும்பாலும் திறந்துவிடும். இனி, 1990களின் தமிழ்த் தட்டச்சு நிரல்களுட் சில 16 பிட் காலத்தவை. 64 பிட் விண்டோஸில் அவை எவ்வளவு முயன்றாலும் இயங்கமாட்டா. நிரலை எழுப்பப் பாடுபடாமல் கோப்பைக் காப்பாற்றுவதே அறிவுடைமை.

இப்போது பரிகாரத்துக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன், கோப்பைப் படியெடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். இனிச் செய்வதெல்லாம் படியில்தான், மூலத்தைத் தொடக்கூடாது. புரியாத எழுத்துகளைக் கண்ட பதற்றத்தில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து வேறு எழுத்துருவுக்கு மாற்றிச் சேமித்தவர்களை நாம் அறிவோம். அப்படிச் செய்தால், எது தமிழ், எது இடையில் வந்த உண்மையான ஆங்கிலம் என்று காட்டிய ஒரே அடையாளமும் அழிந்துவிடும்.

அடுத்து எழுத்துருவைத் தேடவேண்டும். கணினியை மேம்படுத்துவோர் ஆவணங்கள், படங்கள் ஆகியவற்றைத்தான் மாற்றுவர்; விண்டோஸ் உறையினுள்ளே இருக்கும் எழுத்துருக்கள் எவருடைய நினைவிலும் வருவதில்லை. பழைய வட்டைக் கடைக்காரர் திருப்பித் தந்திருந்தால் அது பொன். எறிந்துவிட வேண்டாம். பழைய வட்டிலேயே, அதனை அழிக்காமற் புதிய விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால், பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ் ஓல்ட்' என்னும் உறைக்குள் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் அவ்வுறை பொதுவாக 10 நாள்களில் தானாகவே அழிக்கப்பட்டுவிடும். ஆதலால் தாமதம் கூடாது. மாணவியின் தந்தையார் பழைய வட்டை ஒரு கடித உறையிற் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். அதிலிருந்து பாமினியை எடுத்து, வலச்சொடுக்கில் 'நிறுவு' என்று கொடுத்து, வேர்ட்டை மூடித் திறந்தோம். 64 பக்கமும் தமிழாயின. வேலை இரண்டு நிமிடம்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். தந்தையாரும் போதும் என்றே சொன்னார். ஆனால் அக்கோப்பை மகளின் தொலைபேசிக்கு அனுப்பினால், அங்கே பாமினி இல்லை, மீண்டும் அரைப்புள்ளிகள். பிடிஎஃப் ஆக மாற்றினாற் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் அதற்குள் ஊர்ப்பெயரொன்றைத் தமிழில் தேடினாற் கிடைக்காது. உள்ளே இருப்பது இன்னும் ஆங்கில எண்களே.

இவ்விடர் தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1086 இல் இங்கிலாந்து மன்னர் வில்லியம் தொகுப்பித்த டூம்ஸ்டே நூல், தோலில் மையால் எழுதப்பட்டது. அது இன்றும் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற் காக்கப்படுகிறது; இலத்தீன் அறிந்தவர் வாசிக்கலாம். அந்நூலின் 900 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986 இல் பிபிசி நாடெங்கும் உள்ள பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு தங்கள் ஊர்களைப் பற்றி எழுதுவித்து, இரு லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அவ்வட்டுகளை வாசிக்கும் பொறிகள் அருகிப்போயின. 2002 இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் முயன்று அவற்றை மீட்கவேண்டியதாயிற்று. பிபிசிக்கே இந்தக் கதி என்றால் ஹரோவில் ஒரு தாத்தாவின் கோப்புக்கு என்ன பாதுகாப்பு?

ஆகவே ஒருங்குறிக்கு மாற்றத் தீர்மானித்தோம். ஒருங்குறி 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. அதில் 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021. இவ்வெண்கள் தமிழுக்கே உரியவை. வேறெம்மொழியும் இவற்றைக் கேட்டு வராது. வேடம் வேண்டியதில்லை. விண்டோஸ் 2000 இல் தொடங்கி மைக்ரோசொப்ட் இதனை ஏற்றது. 2010 சூனில் தமிழ்நாட்டு அரசும் ஏற்று ஆணையிட்டது. மாற்றுவதற்கு என்எச்எம் மாற்றி, சுரதாவின் மாற்றி முதலிய கருவிகள் இலவசமாகக் கிடைத்துவந்துள்ளன. பாமினி உரையை ஒருபுறம் இட்டால் மறுபுறம் ஒருங்குறி வரும்.

வரும், ஆனால் வந்தபடியே நம்பக்கூடாது. முதலாவது, இடையில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழென்று எண்ணி மாற்றிவிடும். இலண்டன் என்று ஆங்கிலத்தில் இருந்தது 'டுழனெழ' என்று ஏதோ மந்திரம்போல் ஆயிற்று. அதைக் கண்டு வகுப்பிற் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

இரண்டாவது நுட்பமானது. பாமினியில் ஔகாரத்தின் வலப்புறக் குறியும் 'ள' எழுத்தும் ஒன்றே. கண்ணுக்கு வேறுபாடு இல்லாததால் எழுதுவோர் கவலைப்படவில்லை. ஒருங்குறியில் அவை வெவ்வேறு எண்கள். எனவே சில கருவிகள் 'வெள்ளி' என்பதை 'வௌ்ளி' ஆக்கிவிடுகின்றன. வேறு சில 'கௌரவம்' என்பதைக் 'கெளரவம்' ஆக்குகின்றன. ஔவையாருக்கு நேர்ந்தது பெருங்கொடுமை. ஔ என்பது ஒரே எழுத்து, எண் 2964. ஆனால் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்து 'ஒளவையார்' என்று எழுதினால், பார்வைக்கு அதே பாட்டியார். கணினிக்கோ 'ஒ-ள-வையார்' என்று வேறொருவர். இதனாலேயே தேடும்போது பாதிப் பக்கங்கள் அகப்படுவதில்லை. உயிரெழுத்து பன்னிரண்டு என்று முதல் வகுப்பிற் சொல்லிக்கொடுப்பது வெறும் ஒப்புவித்தலுக்கன்று என்று அன்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வாய்ப்புக் கிடைத்தது.

மூன்றாவதை நாம் எதிர்பார்க்கவே இல்லை. கண்டுபிடித்தவள் மாணவிதான்.

மாற்றிய உரையை அவள் தாத்தாவின் பழைய உரையோடு ஒப்பிட்டு, வாரம் நான்கு பக்கமாக வாசித்து வந்தாள். மூன்றாம் வாரம், "சேர், தாத்தா ஏன் புனை நிற்கிறது என்று எழுதுகிறார்?" என்று கேட்டாள். பார்த்தோம். பனை என்று இருக்கவேண்டும். இன்னோரிடத்தில் 'குடைக்குப் பின்னாலுள்ள கிணறு'; கடைக்குப் பின்னால் என்பது அது. 'ஊடல் நலம் குன்றிய காலத்தில்' என்று ஒரு வாக்கியம். எழுபது வயதுப் பெரியவர் உடல் நலத்தைத்தான் குறித்திருப்பார். இவை மாற்றியின் பிழைகள் அல்ல. பாமினி மூலத்திலேயே அப்படித்தான் இருந்தன. சிறிது நேரம் திகைத்தோம். பிறகு மாணவியே சொன்னாள்: "எல்லாம் வாக்கியத்தின் முதற் சொல்."

காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதலெழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும். எழுதுபவர் மறந்தால் வேர்ட் தானாகவே பெரிதாக்கும். தாத்தா எழுதியது தமிழ் என்று வேர்ட்டுக்குத் தெரியாது; அதற்கு அது வெறும் ஆங்கில எழுத்து. பாமினியிலோ சிறிய 'ஜீ' பகரம், பெரிய 'ஜீ' பு. சிறிய 'எஃப்' ககரம், பெரியது கு. சிறிய 'சீ' உகரம், பெரியது ஊகாரம். சிறிய 'எம்' அகரம், பெரியது ஆகாரம். முற்றுப்புள்ளி வைத்து அடுத்த சொல்லைத் தட்டி முடித்த கணமே முதலெழுத்து மாறியிருக்கிறது. விசைப்பலகையைப் பார்த்துத் தட்டிய முதியவர் எல்லா இடங்களிலும் கவனித்திருக்கமாட்டார். பாமினியில் இன்னும் எழுதுவோர், வேர்ட்டின் தானியங்கித் திருத்தப் பகுதியில், வாக்கிய முதலெழுத்தைப் பெரிதாக்கும் தெரிவை இன்றே நீக்கிவிடவும்.

அதன் பின் வேலை சுறுசுறுப்பாயிற்று. மாணவி ஒவ்வொரு வாக்கியத்தின் முதற் சொல்லையும் சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்கினாள். 'சேம்மண்' என்றிருந்ததைச் செம்மண் என்று திருத்தினாள். 'ஏன் ஊர்' என்பதை என் ஊர் என்று பதினொரு இடங்களில் திருத்தினாள். தமிழிற் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதை எத்தனை பயிற்சித் தாள்களில் நாம் கொடுத்தும் ஏறாதது, தாத்தாவின் கையால் ஏறிற்று.

ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டாள். அது 58 ஆம் பக்கம். வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவு. வீதி நிறையச் சனம், மழை, ஓரடி வைக்க ஒரு நாழிகை என்று எழுதிவிட்டு, ஒரு முற்றுப்புள்ளிக்குப் பின் தாத்தா எழுதியிருந்தது இது: 'ஏன் ஆச்சி அன்று அழவில்லை.' அக்காலத்து யாழ்ப்பாண வழக்கில் தாயை ஆச்சி என்றே அழைப்பர். வேர்ட் மாற்றியிருந்தால், தாத்தா தட்டியது 'என் ஆச்சி அன்று அழவில்லை'. மாற்றாதிருந்தால், அது அவர் கேட்ட கேள்வி. இறுதியிற் கேள்விக்குறி இல்லை. ஆனால் அவர் பிற கேள்விகளுக்கும் குறி இட்டவரல்லர்.

எந்த மாற்றியாலும் இதனைத் தீர்க்க இயலாது. எம்மாலும் இயலவில்லை. அப்பம்மாவிடம் கேட்டு வரும்படி சொன்னோம். அவர் ஹரோவில் அதே வீட்டில் இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அவள் விடையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள்: "மாமி அண்டைக்கு அழேல்லைப் பிள்ளை. வீட்டுத் திறப்பைக் கையுக்குள்ள பொத்தி வைச்சிருந்தவ."

அச்சிட்ட பிரதியில் அவ்வாக்கியத்தை மூலத்தில் இருந்தபடியே விட்டிருக்கிறோம். பக்க ஓரத்தில், 'என்' என்றும் இருக்கலாம் என்று மாணவி பென்சிலால் எழுதியிருக்கிறாள்.